மிளகாய்ச் செடி முடங்கினால்: அறிகுறி பார்த்து மீட்கும் வழி

மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "மிளகாய்ச் செடியில் இலையெல்லாம் முடங்கிவிட்டது, எதைத் தெளிக்கலாம்?" பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "இலை மேலே மடங்கியிருக்கிறதா, கீழே கவிழ்ந்திருக்கிறதா?" அநேகமாக அதற்கு உடனே பதில் வராது. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். மேலே மடங்கினால் ஒரு பூச்சி. கீழே கவிழ்ந்தால் வேறொன்று. இரண்டும் இல்லாமல் நெளிந்து சிறுத்து மஞ்சளித்தால் பெரும்பாலும் நச்சுயிரி, அதாவது வைரஸ். முதல் இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. மூன்றாவதற்கு வைத்தியமே இல்லை.

சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக மிளகாய் வளர்க்கிறேன். சம்பா, காந்தாரி, ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த குண்டு மிளகாய் என இருபது பைகளுக்குக் குறையாமல் இருக்கும். இழந்த செடிகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பல பூச்சியால் சாகவில்லை. பூச்சியைப் பார்க்காமலே நான் தெளித்ததால் செத்தன. ஓர் ஏப்ரல் மாதம், ஒரே வாரத்தில் வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு கரைசல், புளித்த மோர், பஞ்சகவ்யா என்று நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தேன். வார இறுதியில் செடி மொட்டைக் குச்சியாக நின்றது. எது சுட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை மருந்தின் பெயரில் தொடங்காமல் அறிகுறியின் பெயரில் எழுதுகிறேன்.

எதையும் தெளிக்கும் முன் பத்து நிமிடம்

காலை வெயில் ஏறும் முன் செடியிடம் போங்கள். ஒரு வெள்ளைத் தாள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸ், உங்கள் சுட்டுவிரல், இவை போதும்.

நுனிக் கிளையின் கீழே தாளைப் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்தது தூசியா, ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். நடு நரம்பின் இரு பக்கமும்தான் பெரும்பாலான பூச்சிகள் குடியிருக்கும். அடுத்து விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேல்மண் காய்ந்திருந்தும் உள்ளே சேறாக இருப்பது மாடித்தோட்டத்தில் அன்றாடம் நடப்பது. கடைசியாகப் பையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். நீர் விட்ட உடனே எவ்வளவு கனம், விடாதபோது எவ்வளவு கனம் என்று கை ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருண்ட இலை திரும்ப நிமிராது. எத்தனை நல்ல மருந்து அடித்தாலும் அந்த இலை அப்படியேதான் இருக்கும். மருந்து வேலை செய்ததா என்று தெரிய, தெளித்த பிறகு வரும் புதுத் தளிரைப் பார்க்க வேண்டும். தளிர் விரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதுவரை பொறுக்க முடியாமல் இரண்டாவது மருந்துக்குப் போவதால்தான் நிறையச் செடிகள் கெடுகின்றன.

இலை ஓரம் மேலே மடங்கி, படகு போல் இருக்கிறது

இது இலைப்பேன். தாளில் தட்டினால் வைக்கோல் நிறத்தில், எள்ளில் கால்வாசிகூட இல்லாத மெல்லிய கோடு ஒன்று ஓடும். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுவதால் அங்கே வெள்ளி மினுக்கு, பிறகு பழுப்புத் தழும்பு. மார்ச் முதல் ஜூன் வரை, காற்று காய்ந்திருக்கும் நாட்களில் இதன் ஆட்டம் அதிகம்.

இதை ஒரே தெளிப்பில் முடிக்க முடியாததற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறை. முட்டையை இலைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது, தெளிப்பு அதைத் தொடாது. கூட்டுப்புழு நிலையை மண்ணின் மேல்பரப்பிலும் சருகிலும் கழிக்கிறது, அங்கேயும் தெளிப்பு போகாது. நாம் அடிக்கும்போது சாவது நடுவில் இருக்கும் கூட்டம் மட்டும். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும்.

முதல் நாள் வெறும் தண்ணீர். குழாய்முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பாதிக் கூட்டம் இதிலேயே போய்விடும். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேல் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் முதலில் நன்றாக அடித்துப் பால்போல் ஆக்கிவிட்டு, அதன் பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் தனியாக மேலே மிதந்தால், தெளிப்பானில் கடைசியாக வரும் கால் பாகத்தில் எண்ணெய் மட்டும் வந்து இலையைச் சுட்டுவிடும். துணி துவைக்கும் தூளைக் கலக்காதீர்கள். ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றக் கிளைகளுக்குப் போங்கள்.

வேப்பெண்ணெயைவிட எனக்கு நம்பிக்கை வேப்பங்கொட்டைச் சாற்றில்தான். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் வேளாண் அலுவலர்கள் சொல்லும் ஐந்து சதவீதச் சாறு தயார். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்து அடித்தால் பலன் குறையும். மண்ணில் இருக்கும் பருவத்துக்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கை மேல்மண்ணில் கிளறிவிட்டு உதிர்ந்த சருகைப் பொறுக்கி எடுங்கள்.

இலை கீழே கவிழ்ந்து, காம்பு நீண்டு, நுனி மொத்தமாக இறுகுகிறது

இது மஞ்சள் முரணைச் சிலந்தி. நான் அதிகம் நேரம் செலவிட்டது இதனுடன்தான், ஏனென்றால் வெறும் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. பத்து மடங்கு லென்ஸிலும் அசையும் புள்ளியாகத்தான் தெரியும். அறுபது மடங்கு காட்டும் சின்ன நுண்ணோக்கி ஒன்றை வாங்கி, முடங்கிய தளிர் ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மணிபோல் முட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் வரிசை வரிசையாக வெள்ளைக் குமிழ்கள். அவற்றுக்கு நடுவே ஓர் ஆண் சிலந்தி, இன்னும் முழு வளர்ச்சி பெறாத பெண்ணைத் தன் பின்புறத்தில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது. பழைய இலையை விட்டுப் புதுத் தளிருக்குப் பெண்ணைச் சுமந்துபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. செடியின் அடி இலைகள் நன்றாக இருக்கும்போதே நுனி மட்டும் ஏன் முடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடையாளம்: இலை தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம் போல் வளையும். காம்பு வழக்கத்தைவிட நீண்டு எலிவால் போல் தொங்கும். அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் பளபளக்கும். இலை தடித்துத் தொட்டால் மொறமொறவென்று இருக்கும். மொட்டு விரியாமலே உதிரும்.

இது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாட்களை விரும்புகிறது. வெயில் தணிந்து மழைக்காலம் தொடங்கும்போது கவனம் தேவை. முட்டையிலிருந்து முழுச் சிலந்தியாக ஒரு வாரம்கூட ஆகாது, ஆகவே தெளிப்பு இடைவெளியும் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது.

இதற்குச் சரியான மருந்து நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள். லிட்டருக்கு 2 கிராம், மாலையில், இலையின் இரு பக்கமும் நனையும்படி. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு, இரண்டையும் மீறியவர்கள் செடியை இழந்திருக்கிறார்கள். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது. அடித்தால் இரண்டும் சேர்ந்து இலையைப் பொசுக்கும். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் ஏறும் நாட்களிலும் கூடாது. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் கந்தகத்தை மறந்துவிடுங்கள். அப்போது செய்யக்கூடியது கத்தரிக்கோல் வைத்தியம்தான். முடங்கிய நுனிகளை எல்லாம் முடக்கத்துக்கு இரண்டு கணு கீழே வெட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியேற்றிவிட்டு, மீதிச் செடியைத் தண்ணீரால் கழுவிக் காதி சோப்புக் கரைசல் அடியுங்கள். கந்தகம் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள், காயைப் பறித்தபின் நன்றாகக் கழுவுங்கள்.

இந்தச் சிலந்திக்கு இறக்கை கிடையாது. பிறகு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு எப்படிப் போகிறது? நம் கையும் கத்தரிக்கோலும் ஒரு வழி. வெள்ளை ஈயின் கால்களைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்வது இன்னொரு வழி. வெள்ளை ஈயை அடக்காமல் முரணையை அடக்க முடியாது.

இலை சிறுத்து, நெளிந்து, மஞ்சளித்து, செடி குட்டையாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறது

செடியை அசைத்தால் வெள்ளை மாவு பறப்பதுபோல் சின்னஞ்சிறு ஈக்கள் எழும்பி மறுபடியும் இலைக்கடியில் உட்காருகின்றனவா? அப்படியானால் வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருட்டு நச்சுயிரி என்று சந்தேகிக்க வேண்டும். நரம்புகள் வெளிறும், கணுவுக்குக் கணு இடைவெளி குறையும், புது இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிதாக வரும், காய்த்தாலும் கோணலாகக் காய்க்கும்.

பூச்சிச் சேதத்தையும் நச்சுயிரியையும் குழப்பிக்கொள்வது எளிது. நான் செய்யும் சோதனை இது. செடியை மற்றவற்றிடமிருந்து தள்ளி வைத்து, இலைப்பேனுக்கும் சிலந்திக்கும் முறையாக இரண்டு சுற்றுப் பார்க்கிறேன். மூன்று வாரம் பொறுக்கிறேன். லென்ஸில் ஒரு பூச்சியும் இல்லை, ஆனாலும் வரும் தளிர் நெளிந்தே வருகிறது என்றால் அது நச்சுயிரி. அதற்குமேல் அந்தச் செடிக்குப் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் ஊற்றி உயிரோடு வைத்திருப்பது, பக்கத்துத் தக்காளிக்கும் பப்பாளிக்கும் நோயை வளர்த்துக் கொடுப்பதுதான். வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கும் முன் செடியின்மேல் ஒரு பெரிய பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பிடுங்கினால் ஈக்கள் பறந்து அடுத்த செடிக்குப் போகாது. மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை. இந்த நச்சுயிரி ஈ வழியாகப் பரவுவது, மண் வழியாக அல்ல.

மஞ்சள் ஒட்டுப்பொறியை செடி உயரத்துக்குத் தொங்கவிடுவது வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் உதவும். இலைப்பேனுக்கு நீல அட்டை. இவை பூச்சியை ஒழிக்கும் கருவிகள் அல்ல, வந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லும் கருவிகள்.

புகையிலை பயன்படுத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளும் திட்டுத் திட்டாக வரும் தேமல் நோயில் ஒரு வகை, புகையிலையிலிருந்து கை வழியாகவே மிளகாய்க்கு வரும். செடியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எறும்பு வரிசை, பிசுபிசுப்பு, இலையில் கரி பூசியதுபோல் கறுப்பு

எறும்பைத் துரத்தும் முன் எறும்பு எதற்கு வருகிறது என்று பாருங்கள். நுனியில் பச்சையாகவோ கறுப்பாகவோ அசுவினி மொய்த்திருக்கும், அல்லது கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி இருக்கும். இவை சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்பு வருகிறது, காவலும் காக்கிறது. அந்த இனிப்பின்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். பூச்சி போனால் கறுப்பு தானாகப் போகும்.

அசுவினிக்குத் தண்ணீர் பீய்ச்சலும் சோப்புக் கரைசலுமே பெரும்பாலும் போதும். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிப்பு வழுக்கி ஓடிவிடும். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுப்பதே நல்லது.

தேய்க்கும் முன் ஒரு நிமிடம். முதலைக்குட்டி போல் முதுகில் முள்முள்ளாக, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் புழு. அதைப் பூச்சி என்று நினைத்து நசுக்கியவர்கள் நிறையப் பேர். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் பழுப்பு மணியாக அசையாமல் இருந்தால், அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது, அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகள் நீண்டு, வேகமாக நடப்பது ஒன்று இருந்தால் அதுவும் மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுதான்.

இயற்கை எதிரிகளின் பலத்தைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். அதன்பிறகே அது அடங்கியது. ஒவ்வொரு வாரமும் எதையாவது தெளித்துக்கொண்டே இருக்கும் மாடியில் இந்தக் குளவிகளுக்கு இடமிருக்காது.

செடி வாடித் தொங்குகிறது

பிற்பகலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை, வெயில். பையைத் தூக்கினால் இலேசாக இருந்தால் நீர்ப் பஞ்சம். குண்டு மிளகாய் ராமநாதபுரத்தில் மானாவாரியாக மழையை நம்பியே விளைகிறது, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. "அது வறட்சியைத் தாங்கும் மிளகாய், தினமும் எதற்குத் தண்ணீர்?" என்று அம்மா கேட்பார். நிலத்தில் வேர் ஆழத்துக்குப் போய் ஈரம் தேடும். பன்னிரண்டு அங்குலப் பையில் தேட இடமில்லை, பையின் சுவரே வெயிலில் கொதிக்கிறது. கோடையில் காலையில் ஒரு முறை நிறைவாகவும், தேவைப்பட்டால் மாலையில் கொஞ்சமும் ஊற்றத்தான் வேண்டும். முற்றிலும் காய்ந்த தென்னைநார்க் கழிவு தண்ணீரை ஏற்காது, ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே வந்துவிடும். அப்போது பையை ஒரு தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் வாடுகிறதென்றால் வேரில் கோளாறு. தண்டின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாக, மெத்தென்று இருந்தால் அழுகல். நீர் விடுவதை நிறுத்தி, வடிகால் துளைகளில் குச்சி விட்டு அடைப்பை எடுத்து, பையைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மேல்மண்ணை ஒரு அங்குலம் நீக்கிவிட்டு, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுங்கள். பாதிக்குமேல் இலை நின்றால் பிழைக்கும்.

மூன்றாவது வகைதான் மனதை உடைக்கும். ஒரு நவம்பரில், காய் நிறைந்து நின்ற சம்பாச் செடி ஒன்று காலையில் பச்சைப் பசேலென்று அப்படியே தொங்கியிருந்தது. ஓர் இலைகூட மஞ்சளிக்கவில்லை. அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, வெட்டுமுனை நனையும்படி கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் அசையாமல் தொங்கவிட்டேன். இரண்டு நிமிடத்தில் வெட்டிய வாயிலிருந்து பால் நிறத்தில் ஓர் இழை, ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல், மெதுவாகக் கீழே இறங்கியது. அது பாக்டீரியா வாடல் நோய். அந்த இழை முழுக்கப் பாக்டீரியா. இது வந்த செடி பிழைக்காது. இங்கே மண்ணும் குற்றவாளி. அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி எதையும் நடாதீர்கள். பையையும் வெட்டிய கத்தியையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவுங்கள்.

மஞ்சளிப்பு

கேள்வி ஒன்றே: பழைய இலையா, புது இலையா?

அடி இலைகள் சீராக மஞ்சளித்து உதிர்ந்தால் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பசி. மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, அல்லது ஊறவைத்த கடலைப்புண்ணாக்குத் தெளிநீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றினால் இரண்டு வாரத்தில் தெளியும். அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம் குறைவு, எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் இலையில் தெளிக்கலாம்.

நுனித் தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் எலுமிச்சை நிறத்தில் வந்தால் இரும்புச்சத்து. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் தெளியுங்கள்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்து, மண்மேல் வெள்ளைப் படலம்

உப்பு. சென்னையில் கடலோரப் பகுதிகளின் நிலத்தடி நீர், சரியாகக் கழுவாத தென்னைநார்க் கழிவு, அளவுக்கு மீறிய உரம் மூன்றுமே காரணமாகலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுபவர்கள் உடனே நிறுத்துங்கள். வடித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அது. நல்ல நோக்கத்தில் செய்கிறீர்கள் என்று தெரியும், தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

பையின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, ஒரு மணி நேரத்தில் பகுதி பகுதியாக ஊற்றி அடித்துளை வழியே ஓடவிடுங்கள். மழைநீர் சிறந்தது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, கலந்து ஊற்றலாம். கழுவியபின் ஒரு வாரம் உரம் வேண்டாம்.

பூ நிற்கவில்லை

மே மாதத்தில் பூ உதிர்ந்தால் எதையும் தெளிக்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராத நாட்களில் மகரந்தம் செயல் இழந்துவிடுகிறது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும் முன்பே ஐம்பது சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். ஜூலையில் முதல் மழைக்குப் பிறகு அதே செடி காய்க்கும்.

வெயில் இல்லாத மாதத்தில் உதிர்ந்தால் ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் உதறுங்கள். கறுப்பாகப் பூச்சிகள் ஓடினால் அது கறுப்பு இலைப்பேன். 2021 இறுதியில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களைச் சூறையாடியது இதுவே. வழக்கமான இலைப்பேன் தளிரைத் தேடும், இது பூவுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் தெளிப்பைவிட, பத்து நாளைக்கு எல்லாப் பூவையும் கிள்ளி எடுத்து அழிப்பது பலன் தருகிறது. நாலைந்து பை வைத்திருக்கும் வீட்டுத் தோட்டத்தில் இது முடியும், விவசாயிக்கு இது முடியாது.

செடி கரும்பச்சையாகத் தழைத்து நின்று பூவே இல்லையென்றால் தழைச்சத்து அதிகம். புண்ணாக்கை நிறுத்தி மரச்சாம்பல் ஒரு தேக்கரண்டி போடுங்கள்.

காயில் குறை

காயின் நுனியில் வெளிர்ந்து, பிறகு தோல்போல் காய்ந்த திட்டு வந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும், ஒருநாள் வெள்ளமும் ஒருநாள் வறட்சியுமாக நீர் விடுவதே காரணம். முட்டை ஓட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அது மக்க மாதக்கணக்கில் ஆகும். மண்ணின்மேல் சருகு மூடாக்குப் போட்டு ஈரத்தைச் சீராக்குங்கள். சிவக்கும் காயில் வட்டத்துக்குள் வட்டமாக, குழிந்த, கரும்புள்ளி கொண்ட திட்டு வந்தால் பழ அழுகல். அந்தக் காய்களையும் காய்ந்த நுனிகளையும் அகற்றி, இலைமேல் நீர் படாமல் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். அந்தக் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள்.

குச்சியாகிப் போன செடியை மீட்பது

பூச்சி போய்விட்டது, வேர் நன்றாக இருக்கிறது, ஆனால் மேலே ஒன்றுமில்லை. இந்த நிலையில் பலர் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மிளகாய் ஒரே பருவத்துப் பயிர் அல்ல, பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும்.

கடும் வெயிலிலும் அடைமழையிலும் வேண்டாம். ஆகஸ்ட் அல்லது ஜனவரி கடைசியில், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில், ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு விட்டுக் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பையை ஒரு வாரம் நிழலில் வையுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, ஆகவே ஈரத்தை மட்டும் காத்தால் போதும். பாவம் என்று நினைத்து உரம் கொடுப்பதும் தண்ணீர் நிறைய ஊற்றுவதும் இந்த நிலையில்தான் அதிகம் நடக்கிறது, செடி அழுகிப் போவதும் இந்த நிலையில்தான்.

பத்திலிருந்து பதினான்கு நாளில் கணுக்களில் எள் அளவுக்குப் பச்சை முளைகள் தெரியும். அவை நான்கு இலை விடும்வரை தினமும் லென்ஸில் பாருங்கள், ஏனென்றால் முரணைச் சிலந்திக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. நான்காவது இலைக்குப் பிறகு மேல்மண்ணைக் கிளறி மண்புழு உரம் இரண்டு கைப்பிடி, பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. கிளை பிரியும் கவட்டையில் முதல் மொட்டு வரும். அதைக் கிள்ளிவிடுங்கள், அடுத்து வருவதையும் கிள்ளுங்கள். செடி ஒன்றரை அடி உயர்ந்து, நுனித் தளிர் தட்டையாக, மெலிதாக, வெளிர்பச்சையாக விரிகிறது என்றால் அடுத்த சுற்றுப் பூவைக் காயாக விட்டுவிடலாம்.